‘ஒன் டே அட் எ டைம்’ நம்ம காட்பாடிக்கு வந்தால்

காட்பாடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை. கணவரைப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பதாவது படிக்கும் மகளும் அம்மாவும் கூட இருக்கிறார்கள். உடன் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர், “‘ஒன் டே அட் எ டைம்’ பாருங்க, உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்” என்று சொன்னாராம். அது என்ன தொடர், பழையதைப் பார்ப்பதா புதியதையா, நம்மைப் போன்றவர்களை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறார்களா, தமிழில் இப்படி ஒன்று எழுத ஆசை, நம்ம ஊருக்கு ஒத்து வருமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் சீரியல்களுக்கு வசனம் எழுதுகிறேன். வளர்ந்தது வேலூர் சைதாப்பேட்டையில். எனக்கு ஏழு வயதாகும்போது அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா தனியாள்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தொழில் சார்ந்ததும்கூட, வீடு சார்ந்ததும்கூட.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். அந்தத் தொடர் தனியாக நிற்கிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் கூட உட்கார்ந்து சிரிக்கிறது.

தொடர் இரண்டு உண்டு. பழையது அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் 1975 டிசம்பரில் தொடங்கி 1984 மே வரை ஒன்பது சீசன், 209 எபிசோட் ஓடியது. உருவாக்கியவர்கள் விட்னி பிளேக், ஆலன் மேனிங்ஸ் தம்பதி. விட்னி பிளேக் நடிகை. தானே பிள்ளைகளைத் தனியாக வளர்த்த அனுபவம் உள்ளவர். அதைத் தயாரித்துத் தொடராக வளர்த்தெடுத்தவர் நார்மன் லியர். கதைநாயகி ஆன் ரோமானோ. பதினேழு வயதில் கல்யாணம், பதினேழு வருடக் குடித்தனம், பிறகு விவாகரத்து. இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாடகைக்கு வருகிறாள். முன்பு அப்பா முடிவு எடுத்தார், அப்புறம் புருஷன் முடிவு எடுத்தான். இப்போது வாடகையிலிருந்து மூத்தவளை முகாமுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது வரை அவளே முடிவு எடுக்க வேண்டும். தொடர் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்த வருடங்களை நினைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். 1970-ல் வந்த ‘மேரி டைலர் மூர் ஷோ’வின் நாயகியை விவாகரத்து ஆனவளாக வைக்கத்தான் எழுத்தாளர்கள் நினைத்தார்கள். சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. காதல் முறிந்தவள் என்று மாற்ற வேண்டியதாயிற்று. கடன் தருவதில் ஆண் பெண் பேதம் பார்க்கக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1974-ல்தான். அதுவரை வங்கிக்குப் போகிற பெண்ணிடம் புருஷன் கையெழுத்தைக் கேட்பது சாதாரணம். சட்டம் வந்த மறுவருடம் ஆன் ரோமானோ டிவியில் வீடு பிடிக்கிறாள்.

எனக்கு அந்தப் பழைய தொடரில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஆன் தன் பிறந்த வீட்டுப் பெயரான ரோமானோவுக்குத் திரும்பிவிடுகிறாள். மகள்கள் இரண்டு பேரும் அப்பா பெயரான கூப்பரோடு இருக்கிறார்கள். ஒரே கதவுக்குள் இரண்டு பெயர். ‘மிஸஸ்’ என்று கூப்பிடுபவரை நிறுத்தி, கல்யாணம் ஆனதா இல்லையா என்று காட்டாத மரியாதைச் சொல்லால் கூப்பிடச் சொல்கிறாள். இதைப் பார்த்தபோது எனக்கு என் இனிஷியல் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிவம் நிரப்புகிற ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். உங்கள் மகளுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்: அப்பா உயிரோடு இருக்கும்போதும் அம்மா இயற்கைப் பாதுகாவலராக முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு அம்மா, அப்பா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறிவிட்டது. யாராவது “அப்பா பேர் இல்லாம முடியாதும்மா” என்றால் இதைச் சொல்லுங்கள்.

நம் மொழியில் பிரிந்து வந்த பெண்ணுக்கு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வாழாவெட்டி. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அதை நானே கேட்டிருக்கிறேன். காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் தங்கி வைத்தியம் பார்க்க வருகிற கல்கத்தாக்காரர்களுக்கு ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு விடுவதுதான் அம்மாவின் தொழில். விடிகாலை நாலரைக்கு எழுந்து திரும்பி வந்த குண்டான்களைத் தேய்த்து, மூடிகளை எண்ணி, பம்ப் ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றி, ஏழு மணிக்குள் எனக்கு ஜடையும் பின்னி அனுப்புவாள். இவ்வளவு வாழ்ந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து ‘வாழா’ என்று சொல்ல எப்படி வாய் வந்ததோ. நீங்கள் எழுதப்போகும் தொடரில் அந்த வார்த்தையை வில்லி வாயில்கூட வைக்காதீர்கள். வைத்தால் அது இன்னும் பத்து வருடம் பிழைத்துக் கிடக்கும்.

சரி, புதியதற்கு வருவோம். 2017 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அங்கே மூன்று சீசன். 2019-ல் நிறுத்தியபோது பாப் டிவி என்ற சேனல் கையில் எடுத்து, 2020-ல் நான்காவது சீசன் தொடங்கி, கொரோனாவால் பாதியிலேயே நின்றுபோனது. இதில் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் கியூபா வம்சாவளிக் குடும்பம். அம்மா பெனலப்பி, பட்டாளத்தில் நர்ஸாக ஆப்கானிஸ்தானில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இப்போது ஒரு டாக்டர் கிளினிக்கில் நர்ஸ். கணவனும் பட்டாளத்துக்காரன், போரின் பாதிப்பைக் குடியில் கரைக்கிறான், வைத்தியத்துக்கு வர மறுக்கிறான், அதனால் பிரிகிறார்கள். மகள் எலீனா, மகன் அலெக்ஸ், அப்புறம் பாட்டி லிடியா. பாட்டிக்குத் தனி ரூம் கிடையாது, ஹால் ஓரத்தில் ஒரு திரை. காலையில் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வருகிற மாதிரி வருவாள். ரீட்டா மொரேனோ நடித்திருக்கிறார், எண்பத்தைந்து வயதைத் தாண்டி. அவர் வரும்போதெல்லாம் கைதட்டத் தோன்றும்.

உங்கள் வீட்டிலும் அம்மா, பாட்டி, பேத்தி மூன்று தலைமுறை இருப்பதால் புதியதிலிருந்தே தொடங்குங்கள். லிடியாவுக்கு விவாகரத்து என்ற பேச்சே பிடிக்காது. கோயில், பிரார்த்தனை என்று இருப்பவள். முதல் எபிசோடிலேயே மன அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மகள் சாப்பிடுவதா என்று சண்டை. இரண்டாவது சீசனில் பெனலப்பி மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் படுத்த படுக்கையாகிற எபிசோட் ஒன்று உண்டு. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் தன் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் உங்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. வேலூரில் மூன்று தெருவுக்கு ஒரு நர்ஸ் இருக்கிறாள், அவளிடம் யாரும் “உனக்கு எப்படி இருக்கு” என்று கேட்பதில்லை. முதல் சீசனிலேயே இன்னொன்று: தோள்வலிக்கு சிகிச்சை கேட்டு முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு போன் போட்டு, லைனில் காத்திருந்தே ஒரு எபிசோட் முழுக்கக் கழிகிறது. சிரிப்பாகவும் வரும், பல்லையும் கடிக்க வைக்கும்.

அந்த முதல் சீசனின் நூல் ஒரு சடங்கு. அவர்கள் ஊர் வழக்கத்தில் பெண்ணுக்குப் பதினைந்து வயதானால் ஊரைக் கூட்டி விழா எடுப்பார்கள். நம் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். எலீனா “இதெல்லாம் பிற்போக்கு, வேண்டாம்” என்கிறாள், பாட்டி விடமாட்டாள், நடுவில் பெனலப்பி செலவுக் கணக்குப் போடுகிறாள். சீசன் முடிகிற எபிசோடில் விழா. அப்பாவும் மகளும் சேர்ந்து ஆட வேண்டிய நேரம். மகள் தன் மனசில் இருக்கும் ஒரு உண்மையை, தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பதை, அவனிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான். பாட்டு ஓடுகிறது. நடுக்கூடத்தில் அந்தப் பெண் புது உடுப்போடு தனியாக நிற்கிறாள். பெனலப்பி எழுந்து போய் மகள் கையைப் பிடிக்கிறாள். பிறகு பாட்டி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரன், ஒவ்வொருவராக வந்து சுற்றி நிற்கிறார்கள். வசனம் கிடையாது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளர்கள் பக்கமிருந்தும் சிரிப்பு இல்லை.

நான் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் வரவில்லை. அம்மா பிரிந்து வந்ததில் அவருக்குக் கோபம். பச்சை ஓலை கட்ட ஆள் இல்லை. “அப்ப ஒண்ணும் வேணாம், தண்ணி ஊத்தி உள்ள கூட்டிக்கலாம்” என்று அம்மா சொல்லிவிட்டாள். மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா இறங்கி வந்தார். “ஓலை தானேம்மா, மாமன் கட்டினாதான் நிக்குமா இன்னா?” என்றார். பாத்திரம் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டிக்காரர் எங்கேயோ போய் ஓலை கொண்டுவந்தார். ஆரத்தித் தட்டை யார் எடுப்பது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது ஓனரம்மா அதை எடுத்து அம்மா கையிலேயே கொடுத்தார். அன்றைக்குப் பாத்திரம் திருப்பித் தர வந்திருந்த ஒரு கல்கத்தாக்கார அம்மாள், அவர் கணவருக்கு அடுத்த நாள் ஆபரேஷன், என்ன விசேஷம் என்று ஜாடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். உடனே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார் பாருங்கள். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அம்மா தட்டோடு சிரித்தாள். அந்த வருடம் அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த வகைத் தொடர்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விட்டுப் போனவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் கதை.

நம் சீரியல்களில் இதை எழுதுவது ஏன் கஷ்டம் என்று உள்ளே இருந்து சொல்கிறேன். விஜய் டிவியில் 2020-ல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்து ‘ஸ்ரீமோயி’யின் தமிழ் வடிவம், இந்தியில் ‘அனுபமா’வும் அதே வேர்தான். வீட்டுச் சமையலை நம்பி ஒரு பெண் தொழில் தொடங்குவதை நடுவீட்டு டிவிக்குக் கொண்டுவந்ததற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் விவாகரத்துக்குப் பிறகும் வெகுகாலம் அவள் கணவராக இருந்த கோபி கதையின் நடுவிலேயே நின்றார். தினசரித் தொடருக்கு இன்றைய எபிசோடின் முடிவில் ஒரு அதிர்ச்சி வேண்டும், நாளைக்கு ஆளை இழுக்க வேண்டும். அந்த அதிர்ச்சியைச் சுலபமாகக் கொடுக்கிறவன் முன்னாள் கணவன். எழுதுகிற எங்களுக்குக் கை அங்கேதான் போகும்.

‘ஒன் டே அட் எ டைம்’ போன்ற சிட்காமுக்கு, அதாவது அதே ஆட்கள் வாராவாரம் வரும் சிரிப்புத் தொடருக்கு, அந்தக் கட்டாயம் இல்லை. சேனலில் வருவது என்றால் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம். ஒரு ஹால், ஒரு சோபா, பின்னால் சமையலறை, முக்கியமாக ஒரு வாசல் கதவு. மூன்று நான்கு கேமரா ஒரே நேரத்தில் ஓடும், எதிரே நிஜ மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். 1951-ல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ காலத்திலிருந்து இந்த முறை நிலைத்துவிட்டது. எபிசோட் முடியும்போது அன்றைய பிரச்சினை ஒரு மாதிரி தீரும். அடுத்த வாரம் அதே சோபா. பிரிந்து வந்த பெண்ணின் வாழ்க்கை உண்மையில் இப்படித்தான் நடக்கிறது. ஐந்தாம் தேதி வாடகை கொடுத்தால் அடுத்த மாதம் மறுபடி ஐந்தாம் தேதி வரும். தொடரின் பெயரைத் தமிழில் சொல்லச் சொன்னால் ‘அன்னாடம்’ என்பேன். அன்னாடம் பொழுதை ஓட்டுகிறோம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்களே, அதுதான்.

இதே வகையில் ‘ரீபா’ என்று ஒன்று 2001 முதல் 2007 வரை வந்தது. கணவனின் புது மனைவி நாயகியின் சமையலறைக்கே தோழியாக வந்து நிற்கும் கதை. ‘மாம்’ என்பது 2013 முதல் 2021 வரை, குடியை விட்ட ஒரு தாயும் மகளும். இரண்டும் நல்லவை, அவசரம் இல்லை.

இப்போது நம்ம ஊர். ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கை தடுக்கும். அமெரிக்கத் தொடர் இரண்டிலும் ஷ்னைடர் என்று ஒருவன். பழையதில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவன், இடுப்பில் ஸ்பானர் பெல்ட், கையில் எல்லா வீட்டுச் சாவியும். கதவைத் தட்டாமல் உள்ளே வருவான், அதுவே சிரிப்பு. அதில் நடித்த பாட் ஹாரிங்டன் அந்த வேடத்துக்காக 1984-ல் அமெரிக்க டிவிக்கான எம்மி விருது வாங்கினார். இவனை அப்படியே காட்பாடியில் வைக்க முடியாது. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் ஒரு ஆண் தட்டாமல் நுழைந்தால் நமக்குச் சிரிப்பு வராது, தெரு என்ன பேசும் என்ற பயம்தான் வரும். அந்தப் பயம் பார்க்கிற பெண்களுக்கும் வரும்.

அப்படியென்றால் நம் ஊரில் சொல்லாமல் உள்ளே வர உரிமை உள்ளவர் யார்? மோட்டார் சுவிட்ச் யாரிடம் இருக்கிறதோ அவர். பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் போர்ஷன் வீட்டின் அரசாங்கமே அந்த சுவிட்ச்தான். எங்கள் ஓனரம்மா படியில் நின்று “மோட்டார் போட்டுட்டேன், புடிச்சிக்கினியா?” என்று குரல் கொடுத்தபடியே உள்ளே வந்துவிடுவார். குடத்தைப் பார்ப்பார், அப்படியே அடுப்பில் என்ன என்று பார்ப்பார், என் மார்க் ஷீட்டைப் பார்ப்பார், அம்மா கண் சிவந்திருந்தால் அதையும் பார்த்துவிடுவார். ஷ்னைடரின் சாவிக்கொத்தை விட அந்த மோட்டார் பலமான காரணம். அவரை ஒவ்வொரு எபிசோடிலும் அந்த ஒரு வரியோடு உள்ளே கொண்டுவாருங்கள். மூன்றாவது எபிசோடில் மோட்டார் சத்தம் கேட்டதுமே பார்க்கிறவர் சிரிக்கத் தயாராகிவிடுவார்.

முதல் எபிசோடுக்கு வீடு தேடும் படலத்தை விட்டால் வேறு எதுவும் தோதாக வராது. “சாரு இன்னா வேலை செய்றாரு?” என்று கேட்காத ஓனர் உண்டா? ஆறு வீட்டில் ஆறு விதமாகக் கேட்கட்டும், அவள் ஆறு விதமாகப் பதில் சொல்லட்டும். ஏழாவது வீட்டில் அந்தக் கேள்வி வராமல் “தண்ணி காலைல அரை மணி, சாயந்திரம் அரை மணி, சம்மதமா?” என்று மட்டும் கேட்டால் போதும்.

இன்னொரு செட் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, மொட்டை மாடி. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிற ஊர் இது. எல்லா போர்ஷன்காரர்களும் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டு மேலேதான் படுப்பார்கள். இருட்டில் முகம் தெரியாததால் பகலில் பேசாததெல்லாம் அங்கே பேச்சில் வரும். மகள் அம்மாவிடம் கேட்க நினைத்த கேள்வியை அங்கே கேட்கட்டும், நாலு பாய் தள்ளிப் படுத்திருப்பவர் தூக்கத்தில் பதில் சொல்வது போல் பதில் சொல்லட்டும்.

பேச்சை மட்டும் கெடுத்துவிடாதீர்கள். வேலூர்ப் பேச்சு என்றாலே வடிவேலு படத்து ரவுடி மாதிரி எழுதுவது சென்னையில் எங்களுக்குள்ள ஒரு கெட்ட பழக்கம். ‘இன்னா’, ‘வந்துகினு’, ‘கீது’ எல்லாம் அன்பாகவும் வரும், படித்தவர் வாயிலும் வரும். பாட்டி ஒரு மாதிரி, பேத்தி ஒரு மாதிரி பேசட்டும். பேத்தி நண்பர்களிடம் பேசும்போது வேறு, பாட்டியிடம் பேசும்போது வேறு. உங்கள் வீட்டு ஹாலில் ஒரு சாயந்திரம் போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான், பிறகு கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

பாட்டியை நல்லவளாக மட்டும் எழுதாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிடியா மகளைக் குத்திக் காட்டுவாள், மருமகன் பக்கம் சாய்வாள், மாத்திரையைப் பழிப்பாள். ஆனால் விடிந்ததும் காபி போட்டு நீட்டுவதும் அவள்தான். உங்கள் அம்மா “அனுசரிச்சிப் போயிருக்கலாம்” என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அது வலித்த அளவுக்கு அந்தப் பாத்திரம் நிற்கும்.

முதல் எபிசோட் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டு எழுதுகிறேன். பக்கம் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த எபிசோடில் கணவர் பெயர் மட்டும் எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.